நாற்பத்தோராம் நிமிடத்து மூச்சு

ஒரு கை பென்சிலைப் பிடித்திருந்தது. இன்னொரு கையின் ஆள்காட்டி விரல், நிறுத்தும் பொத்தானின் மேல் அழுத்தாமல் படிந்திருந்தது. திரையில் ஒரு பெண் தெருவைக் கடந்தாள். அவள் தோளுக்கு மேலே வெள்ளைப் புள்ளி ஒன்று மின்னி மறைந்தது. விரல் அழுத்தியது. பென்சில் நிமிடத்தையும் நொடியையும் குறித்தது. படம் மறுபடி நகர்ந்தது.

பழைய படங்களைக் கீறலும் இரைச்சலும் நீக்கித் துலக்கி, வீட்டில் போட்டுப் பார்க்கும் வட்டுகளாக வெளியிடும் நிறுவனம் அது. அச்சுக்குப் போகுமுன் கடைசியாகப் பார்ப்பவள், பென்சில் பிடித்திருந்த அவள். சேர்ந்த புதிதில் வட்டை உறையில் போடும் வேலைதான். ஒரு நாள் சாப்பாட்டு அறையில் ஓடிய படத்தைப் பார்த்துவிட்டு, "உதடு முந்துது, பேச்சு பிந்துது" என்றாள். மேலே இருந்தவர்கள் நாலு முறை போட்டுப் பார்த்த பிறகே ஒத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவளுக்கு இந்த நாற்காலி. கூடவே 'கண்கொத்தி' என்ற பட்டப்பெயர்.

வேலையை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவளாகவே ஒரு முறை வகுத்துக்கொண்டாள். முதல் தடவை ஒலியை அடைத்துவிட்டுப் படம் மட்டும். அடுத்த தடவை திரையை அணைத்துவிட்டு ஒலி மட்டும். மூன்றாவதாகத்தான் இரண்டும் சேர்த்து. "ரெண்டையும் ஒண்ணா விட்டா ஒண்ணை ஒண்ணு காப்பாத்தும். தனித்தனியா கூப்பிட்டுத்தான் விசாரிக்கணும்" என்பாள்.

இந்தப் படம் ஒரு குடும்பக் கதை. படுக்கையில் கிடக்கும் அப்பா, அவரைப் பார்த்துக்கொள்ளும் மகள். படத்தில் பெரிய குறை எதுவும் இல்லை. ஓரிடத்தில் மகளின் முகத்தை மெழுகு பூசியதுபோல வழவழப்பாக்கியிருந்தார்கள். கன்னத்துத் தழும்பைக் காணோம். குறித்துக்கொண்டாள்.

நாற்பத்தோராம் நிமிடத்தில் மகள் சமையலறையில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைக்கிறாள். ஊசி ஏறி இறங்குகிறது. திடீரென்று அந்தரத்தில் நின்றுவிடுகிறது. வெகுநேரம் அப்படியே. பிறகு நூலைப் பல்லால் கடித்து, சட்டையை மடித்து வைக்கிறாள். அடுத்த காட்சியில் அப்பாவின் உடலைத் தூக்கிப் போகிறார்கள்.

ஊசி ஏன் நின்றது? ஒலியில் ஏதாவது இருக்கும் என்று விட்டுவிட்டாள். ஆனால் திரையை அணைத்துக் கேட்டபோது அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. துடைத்துவிட்ட மௌனம். மனம் கேட்கவில்லை. அலமாரியிலிருந்து துலக்காத மூலப் பிரதியை எடுத்துப் போட்டாள். ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்குள்ளே, சுவருக்கு அப்பாலிருந்து வருவதுபோல, மெல்லிசாக ஒரு மூச்சு. இழுத்தது, விட்டது, இழுத்தது. பிறகு பாதியில் நின்றுபோனது.

சாவை மகள் காதால் கேட்டிருக்கிறாள். அதை இரைச்சலோடு சேர்த்து அள்ளி வெளியே கொட்டியாயிற்று.

கொட்டியது அவளுடைய அண்ணன். நடையின் மறுகோடி அறையில் ஒலி துலக்குபவர். குறைகளைக் குறிக்கும் குறைத்தாளில் எழுதினால் அவர் பெயரோடு மேலே போகும். இரண்டு மாதத்துக்கு முன் வண்ணம் சரிபார்ப்பவருக்குக் கண்ணில் புரை விழுந்தது தெரியவந்ததும், அவரைக் கீழே பெட்டி மடிக்க அனுப்பிவிட்டார்கள். அண்ணனுக்கு ஐம்பத்துமூன்று வயது. ஒலி துலக்கும் வேலையைத் தவிர வேறெதைப் பற்றியும் அவர் பெருமையாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போனாள்.

"வாங்க கண்கொத்தி அம்மா! இன்னைக்கு எந்தப் பாவி மாட்டினான்?"

"நீதான்."

சிரித்துக்கொண்டே ஹெட்போனை மாட்டிக்கொண்டார். மூலப் பிரதியை இரண்டு தரம் கேட்டார்.

"இரைச்சல். அதைத்தானே எடுத்தேன்?"

"அதுக்குள்ள ஒரு ஆளு மூச்சு விடறாரு அண்ணா."

"நாள் பூரா இருட்டு ரூம்ல உக்காந்தா பேய் மூச்சு விடறதுகூடத்தான் கேக்கும். போ, போய் டீ குடி."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் அண்ணி கத்தியது சட்டென்று நினைவு வந்தது: 'மெஷின்லேருந்து துணி எடுக்கணும்னா மட்டும் காது அடைச்சுக்குது பாரு மகாராசாவுக்கு!' எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார்.

"அண்ணா, உன் வீட்டு வாஷிங் மெஷின் துவைச்சு முடிச்சா என்ன பண்ணும்?"

"நின்னு போகும்."

"அப்புறம்?"

"அப்புறம் உங்கண்ணி வந்து கத்துவா. வேறென்ன?"

"அது பீப் பீப்னு அஞ்சு தடவை அடிக்கும்ணா. பக்கத்து வீட்டுக்கே கேக்கும்."

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதன் கம்பியைச் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

"எழுதிட்டியா?"

"இல்ல."

"எழுதலன்னா?"

"படம் இப்படியே போகும். அந்தப் பொண்ணு எதுக்கு ஊசிய நிறுத்தினான்னு ஒருத்தருக்கும் தெரியாது."

"எழுதினா நான் பெட்டி மடிப்பேன்."

அவர் நாற்காலியை இழுத்துத் திரைக்கு நெருங்கி உட்கார்ந்தார்.

"எத்தனை மூச்சு?"

"பதினாலு. பதினஞ்சாவது பாதியில நிக்குது."

தவறு எங்கே என்பது அவருக்கே உடனே பிடிபட்டது. எதை இரைச்சல் என்று நீக்க வேண்டும் என்பதற்குக் கணினிக்கு ஒரு மாதிரி காட்ட வேண்டும். யாரும் பேசாத நல்ல அமைதியான இடம் என்று இந்தச் சமையலறைக் காட்சியைத்தான் அவர் காட்டியிருந்தார். மூச்சையும் இரைச்சல் என்றே அது கற்றுக்கொண்டது. இப்போது ஆளில்லாத வாசற்படிக் காட்சி ஒன்றிலிருந்து புதிய மாதிரி எடுத்தார். அவள் கண்ணை மூடி நின்று, ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் தோளில் தட்டினாள். தட்டிய இடத்திலெல்லாம், ஒலியைப் படமாகக் காட்டும் திரையில் புகைபோன்ற கறை தெரிந்தது. அதைச் சுற்றிக் கோடு போட்டு, அங்கே மட்டும் கை வைக்காமல் மற்றதைத் துலக்கினார்.

"ரொம்ப பலமா தட்டறே. அவர் சாகக் கிடக்கிறாரு, மல்யுத்தம் பண்ணல."

"சரி, வாயை மூடு. ஒன்பதாவது போயிடுச்சு."

மாலை நாலரைக்கு முடிந்தது. அவள் தன் அறையில் படத்தையும் ஒலியையும் சேர்த்து ஓட்டினாள். இரைச்சல் இல்லை, மூச்சு இருந்தது. அது நின்றது, ஊசியும் நின்றது.

அண்ணன் பின்னால் நின்று ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப சரியா இருக்கா?" என்றார். "இருக்கு" என்றாள்.

குறைத்தாளில், 'நாற்பத்தோராம் நிமிடம்: தந்தையின் மூச்சு அழிந்திருந்தது, மீட்கப்பட்டது' என்று எழுதினாள். அடுத்த கட்டம் 'காரணம்'. பென்சில் அங்கே வந்து நின்றது.

அவர் குனிந்து பென்சிலை வாங்கினார். நிதானமாக எழுதினார்: 'மெல்லிய சத்தங்களும் கீச்சென்ற சத்தங்களும் எனக்குக் கேட்பதில்லை. இனி நான் துலக்கியதை இன்னொருவர் காதால் கேட்ட பிறகே அனுப்பவும்.' கீழே கையெழுத்திட்டார்.

"அண்ணா, நான் வேற மாதிரி எழுதியிருப்பேன்."

"தெரியும். அதான் வாங்கினேன்."

மேலாளர் தன் மேஜையருகே நின்றபடியே தாளைப் படித்தார். ஒரு தடவை அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி படித்தார்.

"இன்னொருத்தர்னா யாரு?"

"இவதான். மூச்சை எண்ணினவ."

"அப்ப இனி நீங்க துலக்கற ஒவ்வொண்ணுலயும் அவங்க கையெழுத்தும் வேணுமே."

அவள் அண்ணனின் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன்னுடையதைப் போட்டாள். அண்ணன், அச்சுக்குப் போகவேண்டிய வட்டை உறையோடு இரண்டு கையாலும் எடுத்து மேலாளரிடம் நீட்டினார்.