புரதம் கூடியிருக்கிறதாம்

எட்டாவது தாண்டாமலே அருப்புக்கோட்டையில் சொந்தமாகப் பருப்பு மில் வைத்தவன் நான். கையில் அள்ளிப் பார்த்தே துவரையின் ஈரத்தைச் சொல்லிவிடுவேன். யாரிடமும் விளக்கம் கேட்டுப் பழக்கமில்லை. என் மனைவியின் மார்புக் கட்டியைச் சோதித்த மதுரை டாக்டர், "புரோட்டீன் கூடுதலா இருக்கு, அதான் வேகமா வளருது" என்றார். தலையாட்டிவிட்டு வந்து, அன்றே அவளுக்குப் பருப்பு, முட்டை, கடலை எல்லாவற்றையும் நிறுத்தினேன்.

மூன்று வாரத்தில் நான்கு கிலோ குறைந்துவிட்டாள். நோய்தான் தின்கிறதென்று பதறிக் கூட்டிப்போனேன்.

விவரம் கேட்ட டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஐயா, அது சாப்பாட்டுல வர்றதில்ல. புற்றுநோய் செல்லுக்கு மேல உக்காந்திருக்கிற புரதம். 'வளரு, பரவு'ன்னு செல்லைத் தூண்டிவிடுறதே அதுதான். அதை அடக்க ஊசி இருக்கு. ஆனா இந்த உடம்பு தாங்காது. முதல்ல தேறட்டும்."

திரும்பும்போது பஸ்ஸில் அவள் சிரித்தாள். "பருப்பு யாவாரியே பருப்பக் கண்டு பயந்துட்டீகளே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் அவளை எடை பார்க்கிறேன். அரைக் கிலோ ஏறியிருக்கிறது. ஊசி தள்ளிப்போன இந்த நாட்களில் நோய் எங்கெங்கே பரவியிருக்குமோ என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். வாய் வரமாட்டேன் என்கிறது.