அக்கா வீட்டுக்கு ஒரு ஹேண்டில்பார்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. குரூண் சிக்னலில் நிற்கிறேன். கிளட்ச்சைப் பிடித்திருந்த விரல்கள் மரத்துப்போய், பிடி நழுவி, வண்டி ஒரு குதி குதித்து அணைந்துவிட்டது. பின்னால் ஒரு லாரி. ஹார்ன் என்றால் அப்படியொரு ஹார்ன்!

அறுபத்தொரு வயதில் நடுரோட்டில், லாரிக்காரரிடம், அதுவும் மலாயில்... சரி, விடுங்கள்.

என் டூரிங் மோட்டார் சைக்கிளைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. ஓய்வுபெற்ற கையோடு வாங்கியது. தாய்லாந்து வரைக்கும் போகப் போகிறேன் என்று இதே பத்திரிகைப் பத்தியில் முன்பு எழுதிப் பீற்றிக்கொண்டேன். இதுவரை அது கண்ட தூரம் என் ஊர் மெர்போக்கிலிருந்து அலோர் ஸ்டார் பக்கத்து மெர்கோங் வரைதான். அங்கேதான் என் அக்கா இருக்கிறார்.

மாமா தவறி இரண்டு வருஷமாகிறது. மகளுக்கு ஜொகூரில் வேலை. அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து கைத்தடி. தனி வீடு. 'சனிக்கிழமை சனிக்கிழமை வரேன்க்கா' என்று வாக்குக் கொடுத்தவன் நான்தான். கார்? சனிக்கிழமைகளில் அது மகனுடையது.

முதலில் வாரம் தவறாமல் போனேன். அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. அப்புறம் போனில், "கை மரத்துப்போகுதுக்கா, அவ்ளோ தூரம் தாங்கல, தாஹான் பண்ண முடியல."

"வேணாம் தம்பி, ஒடம்பப் பாரு" என்பார் அக்கா. அவ்வளவுதான். பொறுப்பு முடிந்தது!

லாரிக்காரர் திட்டிய பிறகு மட்டும் கொஞ்சம் பயம் வந்தது. திகாம் பத்துவில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் சேகரிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். கோபம் மட்டும் பத்து வயது பெரிசு.

"ஹேண்டில மாத்துங்க அண்ணே. குனிஞ்சே ஓட்டுறீங்க. ஒடம்பு கனம் பூரா மணிக்கட்டுல ஏறுது. மரக்காம என்னா செய்யும்?"

மாற்றிவிடலாம். எதை? எங்கள் மோட்டார் சைக்கிள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். ஏழு பேர், ஏழு படம், ஒரு சண்டை. போனை மூடி வைத்துவிட்டேன். எனக்கு இப்போதெல்லாம் ஒரு சட்டை எடுக்கவே அலுப்பாக இருக்கிறது. இதில் ஹேண்டில்பார் வேறு!

சேகர் மூன்றை எடுத்து வந்தார். முதலாவது ரொம்ப உயரம். பிடித்தால், கொடியில் துணி காயப்போடுகிறவன் மாதிரி இருந்தேன். "ரோட் பிளாக்ல போலீஸ் நிப்பாட்டுனா என்னைக் கூப்பிடாதீங்க லா" என்றார். இரண்டாவது நேராக, அகலமாக, கறுப்பாக... என்ன அழகு! இதுதான் வேண்டும் என்றேன். பிடித்துப் பார்க்கச் சொன்னார். அதே குனிவு, அதே மணிக்கட்டு.

மூன்றாவது கொஞ்சம் உயர்ந்து, இரண்டு முனையும் ஓட்டுகிறவர் பக்கம் வளைந்து வருகிறது. பார்த்தால் பழைய தபால்காரர் வண்டி. முகத்தைச் சுளித்தேன்.

"கண்ண மூடுங்க. கைய சும்மா முன்னுக்கு நீட்டுங்க."

நீட்டினேன். இரண்டு உள்ளங்கையும் நேராகப் பிடியில் போய் உட்கார்ந்தன. தோள் தானாக இறங்கியது. உடம்பு கேட்பது ஒன்று, போட்டோ கேட்பது ஒன்று... இதைத் தெரிந்துகொள்ள அறுபத்தொரு வருஷமா?

"ரொம்ப தூரமா ஓடுவீங்க?"

"மெர்கோங். அக்கா வீட்டுக்கு."

"வாரா வாரமா?"

"ஆமா" என்றேன். கூசாமல்.

சேகர் ஹேண்டிலை இடது கோடிவரை திருப்பிப் பார்த்தார். கிளட்ச் கேபிள் எட்டாமல் விறைத்து நின்றது. நீளமான கேபிள், நீளமான பிரேக் ஹோஸ் எல்லாம் வாங்கிப் போட்டார். கடைசியில் லிவரின் சாய்மானத்தை என் விரலுக்குத் தக்கபடி நாலு தடவை மாற்றி வைத்தார். போதும் என்றேன். கேட்கவில்லை.

"வாரா வாரம் அக்காவப் பாக்கப் போறீங்க. ஒழுங்கா செஞ்சு குடுக்கணும்ல?"

நான் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை போனேன். குரூண் தாண்டியும் கை மரக்கவில்லை. அலோர் ஸ்டார் வந்தும் மரக்கவில்லை. அக்கா கேட்டைத் திறக்கும்போதே, "பசியாறிட்டியா?" என்றார். அடுத்த கேள்வி, "கை எப்படி?"

டிவி பக்கத்தில் இரண்டு பாட்டில் தைலம். சீன மருந்துக் கடையில் வாங்கியதாம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா காரில் கூட்டிப்போனாராம்.

"போன மாசமே வாங்கி வெச்சேன் தம்பி. நீதான் வரல."

"இப்ப வலிக்கலக்கா. ஹேண்டில் மாத்திட்டேன்."

அக்கா கைத்தடியை ஊன்றி வாசல்வரை வந்தார். அந்தத் தபால்காரர் ஹேண்டிலைத் தொட்டுப் பார்த்தார். "பாக்க நல்லாத்தான் இருக்கு" என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

"அப்போ இனிமே வாரா வாரம் வருவேதானே?"

குத்திக்காட்டவில்லை. முகமெல்லாம் சந்தோஷம். அதுதான் தாங்கவில்லை எனக்கு.

வலி பொய்யில்லை. ஆனால் என்னால் தாஹான் பண்ண முடியாதது தூரத்தை இல்லை. மாமாவின் கடைசி நாளைப் பற்றி அக்கா திரும்பத் திரும்பச் சொல்லும் அதே கதை. மேசை நிறைய மாத்திரை. பேச்சு தீர்ந்த பிறகு ஓடும் டிவி. நான் கிளம்பும்போது, மூலை திரும்பும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அக்கா. அதிலிருந்துதான் ஓடினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

"வரேன்க்கா" என்றேன். கிளம்பும்போது அக்கா கையில் திணித்த தைலத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை. "எதுக்கும் இருக்கட்டும், கொண்டு போ."

இரண்டு பாட்டிலும் பிரிக்காமல் இதோ என் மேசையில் இருக்கின்றன. இன்று வெள்ளிக்கிழமை. மழை வருமா என்று மூன்று தடவை வாசலில் போய் எட்டிப் பார்த்துவிட்டேன். வெயில் பளிச்சென்று அடிக்கிறது.

புது ஹேண்டில்பாரில் ஒரே ஒரு குறைதான் — அதன் மேல் பழி போட முடியவில்லை!