மின்சாரம் இல்லாத தெருவிளக்குப் பிரிவு

தெருவிளக்கு வேலையில் ஒரு கொடுமை இருக்கிறது. எரிகிற நூறு விளக்கைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். எரியாத ஒன்றுக்காகச் சபைக் கந்தோர் வாசல் வரைக்கும் வருவார்கள். முறைப்பாட்டுக் கவுண்டருக்குப் பின்னால் இருந்து பேச்சு வாங்கிய என் சகபாடிகளே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எண்பத்து நாலில், யாழ்ப்பாணத்தில் சண்டிலிப்பாய்க்குக் கிட்ட உள்ள ஒரு உள்ளூராட்சிச் சபையில் எனக்கு எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. தெருவிளக்குப் பிரிவு என்று ஒரு மேசையைக் காட்டினார்கள். பிரிவில் மொத்தம் இரண்டே பேர். நான், முறைப்பாட்டுப் புத்தகத்தோடு. லைன்மன் கனகசபை அண்ணை, சைக்கிளில் கட்டிய மூங்கில் ஏணியோடு.

பூச்சியின் முறைப்பாடு

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு புகையிலைத் தோட்டக்காரர் வந்தார். அவருடைய தோட்ட வேலியோடு ஒரு விளக்குக் கம்பம். "எரியேல்லையோ ஐயா?" என்று பேனையை எடுத்தேன். "எரியுது. அதுதான் பிரச்சினை" என்றார். விளக்கு போட்ட நாளிலிருந்து ஊரிலுள்ள அந்துப்பூச்சியெல்லாம் அங்கே வந்து கூடி, பிறகு பக்கத்திலிருக்கிற புகையிலையில் இறங்கி முட்டையிடுகிறதாம். இலையெல்லாம் ஓட்டை. ஒரு இலையைக் கையோடு கொண்டுவந்து மேசையில் விரித்தும் காட்டினார்.

இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கந்தோரில் எல்லோரும் சிரித்தார்கள், கனகசபை அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. பழைய பிஸ்கற் தகரம் ஒன்றை வெட்டி, மின்குமிழுக்குத் தொப்பிபோல் மாட்டிவிட்டார். வெளிச்சம் தோட்டப் பக்கம் போகாமல் நேரே றோட்டில் விழுந்தது. அடுத்த கிழமை தோட்டக்காரர் ஒரு பூசணிக்காயோடு வந்தார். நான் வேண்டாம் என்று மறுத்தபோது சொன்னார்: "பிடி தங்கச்சி. வெளிச்சம் றோட்டுக்கு, பூச்சி எனக்கு எண்டிருந்ததை நீங்கள்தானே நேராக்கினியள்."

இருட்டுப் பிரிவு

தொண்ணூறாம் ஆண்டு நடுப்பகுதியில் சண்டை மறுபடி தொடங்கி மின்சாரம் போனது. முதலில் இரண்டு நாளில் வரும் என்றோம். பிறகு இரண்டு கிழமை. பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டோம். மண்ணெண்ணெய் மருந்துபோல் அருமையாகி, வீடுகளில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அதில் சொட்டு எண்ணெய் விட்டு எரித்தார்கள். நான் மட்டும் தினமும் எட்டரைக்குக் கந்தோர் போய்க் கையெழுத்து வைத்து, ஒரு முறைப்பாடும் வராத புத்தகத்துக்கு முன்னால் நாலேகால் வரை இருந்தேன்.

செயலாளர் ஐயா நல்ல மனிதர். ஒரு வருடம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தார். பிறகு கூப்பிட்டு, பிரிவை மூடி என்னைப் பிறப்பு இறப்புப் பதிவுக்கும் அண்ணையைச் சந்தை மேற்பார்வைக்கும் மாற்றப்போவதாகச் சொன்னார். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. அன்று பின்னேரம் கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா என்னைத் திரும்பி மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளை, நீ இப்ப இருட்டுக்கோ சம்பளம் எடுக்கிறாய்?"

கையில் கட்டோடு வந்தவர்

எங்கள் ஊரில் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கேணி இருக்கிறது. வெள்ளைப் பொழிகல்லால் கட்டியது. அரசர் காலத்தது என்பார்கள். எந்த அரசர் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். றோட்டு அந்தக் கேணியை ஒட்டித்தான் வளையும். இடையில் இடுப்பளவு மதில், அதிலும் ஒரு பாகம் இடிந்துபோய் வாசல்போல் திறந்திருக்கும். அங்கே நின்ற கம்பத்து விளக்கு எரிந்தவரைக்கும் யாருக்கும் அது ஆபத்தான இடமாகத் தெரியவில்லை.

அந்த ஆனியில் ஒரு பொழுதுபட்ட நேரம், எங்கள் பகுதி மருத்துவிச்சி அம்மா பிள்ளைப்பேறு ஒன்றுக்காக வேகமாகச் சைக்கிள் மிதித்து வந்திருக்கிறார். வளைவு தெரியவில்லை. இடிந்த வாசலால் சைக்கிளோடு படிக்கட்டில் போய் விழுந்தார். கை முறிந்தது. பிள்ளையைப் பெறவிருந்த பெண்ணுக்குத் துணைக்கு ஆளில்லாமல் போய், தாயும் பிள்ளையும் மயிரிழையில் தப்பினார்கள். மூன்றாம் நாள் அவர் கையில் கட்டோடு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். "அம்மா, கறண்ட் இல்லையே" என்று இழுத்தேன். அவர் கோபப்படவில்லை. புத்தகத்தை மற்றக் கையால் என் பக்கம் தள்ளினார். "எனக்கும் தெரியும் தங்கச்சி. இருந்தாலும் நான் விழுந்தது புத்தகத்திலை இருக்கட்டும், எழுது."

செக்கடியில் கந்தோர்

எழுதினேன். "எடுத்த நடவடிக்கை" என்ற பத்தியை வெறுமையாக விட எனக்குக் கை வரவில்லை. மறுநாள் காலை அண்ணையும் நானும் கேணியடிக்குப் போனோம். மதிலைத் தடவிக்கொண்டு போன அண்ணை ஓரிடத்தில் நின்று, விரலால் காறையைச் சுரண்டினார். உள்ளே கல்லில் குடைந்த ஒரு பிறை. விளக்கு வைக்கிற சின்னக் குழி. மேற்பக்கம் எண்ணெய்க் கரி. சுரண்டச் சுரண்ட றோட்டுப் பக்கம் ஆறு பிறை, படிக்கட்டுப் பக்கம் ஐந்து. கட்டினவர்களே விளக்குக்கு இடம் வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். பிறகு வந்தவர்கள் அதைக் காறை போட்டு மூடிவிட்டுப் பக்கத்தில் கம்பம் நட்டிருக்கிறார்கள்.

இடம் கிடைத்தது, எண்ணெய்க்கு எங்கே போவது? கோயில் வீதியில் இலுப்பை மரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஆடி மாதம் கொட்டை கொட்டும், மாடு மிதிக்கும், அவ்வளவுதான். பிரிவை மூட முன் ஒரு மாதத் தவணை தரும்படி செயலாளர் ஐயாவிடம் கேட்டேன். ஊர்ப் பெண்களிடம் கொட்டை பொறுக்கித் தரச் சொன்னேன். எண்ணெய் விளக்குக்கு, பிண்ணாக்கு பொறுக்கினவர்களுக்கு. சவர்க்காரம் தட்டுப்பாடான காலம் அது. தலைக்குத் தேய்க்க அந்த அரப்பு கிடைக்கும் என்றதும் கடகம் கடகமாக வந்து சேர்ந்தது. நானும் அண்ணையும் அதைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு செக்கடிக்குப் போனோம். செக்குக்காரர் கணக்கெழுதப் பெயர் கேட்டார். தெருவிளக்குப் பிரிவு என்றேன். சுற்றிக்கொண்டிருந்த மாட்டையே நிறுத்திவிட்டார். "கறண்ட் கந்தோர் என்ரை செக்குக்கு வந்தது எண்டு சொன்னா, வீட்டிலை நான் குடிச்சிட்டு வந்தன் எண்டல்லோ சொல்லுவினம்!"

பனை உச்சியிலிருந்து

பதினொரு பிறையிலும் மண் சிட்டி விளக்கு வைத்துக் கொளுத்திய முதல் மாலை, பாராட்டு வரும் என்று நின்றேன். வந்தது கூட்டம். கேணியைச் சுற்றியிருந்த வீட்டுக்காரர் எல்லோரும். "வெளிச்சத்தைக் கண்டு ஹெலி வந்தா ஆர் பொறுப்பு?" என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டது நியாயம். பக்கத்து ஊரில் வெளிச்சம் தெரிந்த வீட்டுக்கு ஹெலிகொப்டரிலிருந்து சுட்டதை எல்லோரும் அறிவோம். என் கையாலேயே விளக்கை அணைக்கப் போனேன்.

அப்போது மார்க்கண்டு அண்ணை, எங்கள் பகுதியில் கள்ளுக்கு மரம் சீவுகிறவர், முன்னுக்கு வந்தார். "அணைக்கிறதுக்கு முதல் நான் ஒருக்கா ஏறிப் பாக்கிறனே" என்றார். அந்த வீதியிலேயே உயர்ந்த பனையில் மளமளவென்று ஏறினார். "றோட்டுப் பக்கம் ஒண்டும் தெரியேல்லை. ஆனா தண்ணிக்குள்ளை அஞ்சு விளக்கு நிக்குது!" என்று மேலேயிருந்து குரல் வந்தது. பிறை விளக்கை மறைக்கலாம். கேணித் தண்ணீர் அதை வானத்துக்குக் காட்டிக் கொடுக்கிறது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. அன்று அணைத்துவிட்டோம்.

கனகசபை அண்ணை இரவிரவாக இருந்து, பால்மாத் தகரங்களை வெட்டி ஐந்து மறைப்புச் செய்தார். வெளிச்சம் கீழால் மட்டும் கசிந்து படியில் விழும், தண்ணீரைத் தொடாது. மறுநாள் மாலை அதே கூட்டம், அதே பனை. மார்க்கண்டு அண்ணை மேலே நெடுநேரம் நின்று நாலு பக்கமும் பார்த்தார். பிறகு இறங்கத் தொடங்கினார். நிலத்தில் கால் வைத்த பிறகுதான் வாய் திறந்தார். "மேலை நிண்டு பாத்தா ஊரே இல்லை. இறங்கி வந்தா எல்லாரின்ரை முகமும் தெரியுது!"

ஏணி

பிரிவை மூடுகிற கதை அதோடு நின்றது. பொழுதுபடுகிற நேரம் கனகசபை அண்ணை எண்ணெய்ப் பேணியோடு கேணியடிக்கு வருவார். பிறகு கிணற்றடி, சந்தி, வைத்தியசாலை ஒழுங்கை என்று இடங்கள் கூடின. எந்த விளக்கும் இடுப்புயரத்துக்கு மேல் இல்லை. ஆனால் சைக்கிளில் மூங்கில் ஏணி அப்படியே கட்டியிருக்கும். அதைக் கழற்றி வைத்தால் பாரம் குறையுமே அண்ணை என்றேன். மனிதருக்கு என்மேல் கோபமே வந்துவிட்டது. "ஏணி இல்லாமப் போனா நான் எண்ணெய் விக்கிறவன் எண்டல்லோ சனம் நினைக்கும்? நான் லைன்மன், தங்கச்சி!"

புதிதாகச் செதுக்கியது யார்?

கோயில் நிர்வாகம் பார்க்கிற மணியகாரருக்கு மட்டும் எங்கள் விளக்கு பிடிக்கவில்லை. அவர் அலங்கார விளக்குச் சிகரம் கட்டி, ரியூப் லைற் போட்டு, மின்சாரம் தரும் லைற் மெசின் முழங்கத் திருவிழா நடத்திப் பழகியவர். அந்த முறை சுவாமி வீதிவலம் வர வெளிச்சமில்லை. மெசினுக்கு எண்ணெய் தேடி மருதனார்மடம் வரைக்கும் போய் வெறுங்கையோடு வந்தார். கடைசியில், வேண்டா வெறுப்பாக, "உங்கடை சிட்டியளை வையுங்கோ" என்றார். பூசையை நேரத்தோடு முடித்து, பொழுதுபடச் சுவாமியை வெளியே கொண்டுவருவதாக ஏற்பாடு. அன்றைக்கென்று மதிலடியில் நிலத்தோடும், தகர மறைப்புப் போட்டு, சிட்டிகளை வரிசையாக வைத்தோம்.

சுவாமி வளைவுக்கு வந்ததும் முன்னால் போனவர்கள் நின்றுவிட்டார்கள். மேளமும் நின்றது. கேணி மதிலின் அடிவரி முழுக்க மீன்கள். ஒன்றின் வாலை ஒன்று தொடுகிற மாதிரி, கல்லில் மிக மெல்லிசாகச் செதுக்கிய மீன்கள். நான் பிறந்து வளர்ந்த ஊர். ஆயிரம் தரம் அந்த மதிலைக் கடந்திருக்கிறேன். பகல் வெயிலிலும் தெரிந்ததில்லை, கம்பத்து விளக்கு மேலேயிருந்து அடித்தபோதும் தெரிந்ததில்லை. இப்போது வெளிச்சம் பக்கத்தால் தடவிக்கொண்டு போனதில் செதிலுக்குச் செதில் நிழல் விழுந்து, மீன்கள் எழுந்து நின்றன. சிலர் கீழே குந்தி விரலால் தொட்டுப் பார்த்தார்கள். யாரோ ஒரு கிழவி தேவாரம் ஒன்றைத் தொடங்கினார். எனக்குக் கண்ணீர் வந்தது. அண்ணை பார்க்காமல் துடைத்தேன், பார்த்தால் அவர் கண்ணிலும் அதுதான்.

மணியகாரர் மதிலோரமாகக் கடைசி மீன்வரைக்கும் நடந்தார். திரும்பி வந்து, எங்களிடம் கேட்கிறாரா தன்னிடமே கேட்கிறாரா என்று தெரியாத குரலில் சொன்னார்: "பதினெட்டு வருசமா இந்தக் கோயிலைப் பாக்கிறன். உதுகளை நேற்றோ செதுக்கினது?"

வளைவடி

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், இராணுவம் நெருங்குகிறதென்று ஊரே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்களில் பலர் அந்த நெரிசலில் நடந்திருப்பீர்கள். எங்களுக்குப் பின்னேரம்தான் செய்தி வந்தது. அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி நான் வெளிக்கிட்டபோது மழை தொடங்கிவிட்டது. மேற்கேயிருந்து வருகிற சனமெல்லாம் கேணி வளைவால்தான் போகவேண்டும். பாதி பேர் அயலூர்க்காரர். வளைவும் தெரியாது, இடிந்த வாசலும் தெரியாது.

கனகசபை அண்ணை தன் குடும்பத்தை முன்னால் அனுப்பிவிட்டுக் கேணியடியில் நின்றார். வீட்டில் மிச்சமிருந்த எண்ணெய் முழுவதையும் கொண்டுவந்திருந்தார். மழையில் நனைந்துகொண்டு ஒவ்வொரு பிறையாக வார்த்தார். நான் அம்மாவை இறக்கி, சைக்கிளை மதிலில் சாத்தி, திரியைப் போட்டுக் கொடுத்தேன். பிறைக்குள் மழை போகவில்லை. பதினொன்றும் பற்றின. சனம் அந்த வெளிச்சத்தைக் கண்டு, வளைந்து, விழாமல் போனது. தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை, கையில் கோழிக்கூடு. எத்தனை பேர் என்று தெரியாது, விடாமல் போனார்கள்.

எண்ணெய் முடிந்ததும் நாங்களும் அந்தச் சனத்துக்குள் இறங்கினோம். அண்ணை ஏணியைக் கழற்றி மதிலோடு சாத்திவிட்டு, சைக்கிளில் ஏணி இருந்த இடத்தில் யாரோ ஒருவரின் இரண்டு பிள்ளைகளை ஏற்றியிருந்தார். எங்களுக்குப் பின்னால் வந்த, முன்பின் தெரியாத ஒரு பெண், தன் கணவனுக்குச் சொன்னது மழைச் சத்தத்திலும் எங்கள் இருவருக்கும் கேட்டது. அண்ணை சைக்கிளை இன்னும் நிமிர்ந்து உருட்டினார். அவள் சொன்னது இதுதான்: "ஆர் பெத்த பிள்ளையளோ, போற நேரத்திலையும் எங்களுக்கு விளக்கு வைச்சிட்டுப் போயிருக்குதுகள்."

இப்போது ஓய்வூதியப் படிவத்தில் "தெருவிளக்குப் பிரிவு, மின்சாரம் இல்லாமல் ஐந்து வருடம்" என்று நான் எழுதியதைப் பார்த்து, இது எழுத்துப் பிழையோ என்று கவுண்டரில் இருக்கிற பிள்ளை கேட்கிறாள். வாழ்க்கையில் நான் பிழையில்லாமல் எழுதிய வரி அது ஒன்றுதான் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?