தொட்டிக்கும் ஆயுத பூஜை

எதையும் நோண்டாமல் இருக்க என்னால் முடியாது. புதிதாக ஒரு தையல் மெஷின் வந்தால்கூட முதலில் அதைச் சாய்த்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில், ஆலைத் தொழிலாளிகள் போடும் நீல பாய்லர் சூட் தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தேன். பின்பக்கம் சாயப் பட்டறையை ஒட்டி அப்போது ஒரு சிமெண்ட் தொட்டி கட்டினார்கள். சாயம் அலசிய தண்ணீரை இனி நேராக ஓடையில் விடக்கூடாது, சுத்தம் செய்துதான் விடவேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டதாம். நீலத் தண்ணீர் இந்தப் பக்கம் போகும். மோட்டார் அடியிலிருந்து காற்றடிக்கும். தொட்டி முழுக்கச் சேறும் பழுப்பு நுரையுமாகப் பொங்கும். அந்தப் பக்கம் தெளிந்த தண்ணீர் வரும். சேற்றில் போன தண்ணீர் எப்படித் தெளிந்து வரும்? எனக்கு மண்டை குடைந்தது.

சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸோடு அங்கே போய் நின்றுவிடுவேன். தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் பருத்திப்பட்டுக்காரர். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாத்தே.

"உள்ள இன்னா போடறீங்க அண்ணாத்தே, மருந்தா?" என்று கேட்பேன்.

"நான் ஒண்ணியும் போடல. மோட்டார போடச் சொன்னாங்க, போடறேன். நீ போய் சோறு துண்ணு" என்பார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. நான் மாதா கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனால் பொரிக்கும் சுண்டலுக்கும் மதம் ஏது? மெஷின்களை எண்ணெய் போட்டுத் துடைத்தோம். கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி, வேன் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். மேனேஜர் பின்பக்கம் போய்த் தொட்டியை எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். "நல்ல நாளும் அதுவுமா இது இன்னா நாத்தம்? இதுவும் மெஷின்தானே, கழுவுங்க" என்றார்.

அண்ணாத்தேயும் நாலு ஆளுமாகச் சேறு முழுவதையும் வாரிக் கொட்டினார்கள். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தார்கள். தொட்டி கல்யாண வீட்டு அண்டா மாதிரி ஆகிவிட்டது. சுவருக்குச் சந்தனப் பொட்டு, மோட்டாருக்கு மாலை. பூசணிக்காயும் உடைத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது.

பட்டறை மறுபடி ஓடியதும் இந்தப் பக்கம் நீலம் போனது, அந்தப் பக்கமும் நீலமே வந்தது. மோட்டாரைக் கழற்றி மாட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. தொட்டி கட்டிக்கொடுத்த இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "அந்தச் சேறுதான் சார் மெஷினே" என்றார். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதில் உயிரோடு இருந்தனவாம். துணியிலிருந்து வரும் கஞ்சியையும் அழுக்கையும் அவைதான் தின்றனவாம். சாயம் அந்தச் சேற்றிலேயே ஒட்டிக்கொள்ளுமாம். பிளீச்சிங் பவுடரில் எல்லாம் செத்துவிட்டன. கும்பிட்டே கொன்றிருக்கிறோம்.

"சாயத்தோட துண்ணா அதுங்களுக்கு வயித்த வலிக்காதா சார்?" என்று கேட்டேன். இன்ஜினியர் சிரித்தார், மேனேஜர் முறைத்தார். அவர் முறைத்ததில் நியாயம் இருந்தது. லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரம். மாசுக்கட்டுப்பாட்டு ஆபீசர் தண்ணீர் பிடித்துப்போக வரப்போகிறார். தண்ணீர் தேறாவிட்டால் பட்டறைக்கு சீல். பட்டறை நின்றால் துணி இல்லை, துணி இல்லாவிட்டால் எங்களுக்கு வேலை இல்லை. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனி ஏற்கெனவே பூட்டிக் கிடந்தது. என் சம்பளத்தில்தான் உலை கொதித்தது.

பட்டறையை நிறுத்திவிட்டு மாட்டுச் சாணியும் வெல்லமும் கரைத்து ஊற்றுங்கள், காற்றை மட்டும் நிறுத்தாதீர்கள், கிருமி திரும்பப் பிடிக்கும் என்றார் இன்ஜினியர். கூடை கூடையாகச் சாணி வேண்டும். நான் குடியிருந்தது அயனம்பாக்கத்தில். நான் பால் வாங்கும் அக்கா வீட்டில் மாடுகள் இருந்தன. அண்ணாத்தே மூன்று சக்கர வண்டியை மிதிக்க, நான் கூடைகளோடு போனேன்.

பரம்பரையாக ஏரித் தண்ணீரில் பயிர் வைத்த குடும்பம் அது. அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். "உங்க சாயத் தண்ணி ஓடை வழியா ஏரிக்கு வந்துகினு கீது. எம்மாடு இப்பல்லாம் அதுல வாயே வெக்கறதில்ல. ஊட்டுக் கெணத்துல எறச்சு ஊத்தறேன். இப்ப அந்த மாட்டுச் சாணிதான் ஓணுமா உனுக்கு?"

"வேல பூடும்க்கா" என்றேன்.

என் கையிலிருந்த கூடையை வாங்கித் தொழுவத்துப் பக்கம் வைத்தாள். "எடுத்துனு போ. தண்ணி நல்லா ஆச்சுன்னா ஒரு வாளி எங்கிட்ட கொண்டா. எம்மாடு குடிக்குதா பாக்கணும்."

கரைத்து ஊற்றினோம். தினமும் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்ப்பேன். முதலில் நாற்றம் மட்டும்தான். பிறகு ஒரு காலையில் பழுப்பு நுரை தலைகாட்டியது. பிள்ளை பிறந்த வீட்டைப் பார்க்கிற மாதிரி தையல் பிரிவே எழுந்து ஓடியது. பட்டறையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டினார்கள். ஆபீசர் வந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார். தேறிவிட்டது என்று தகவல் வந்த அன்று மேனேஜர் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று சாயந்திரமே ஒரு வாளி பிடித்து, கை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். பார்வைக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். மாட்டின் முன்னால் வைத்தேன். மாடு குனிந்தது, மோந்தது, புஸ்ஸென்று மூச்சு விட்டது. நாக்கை நீட்டப் போய் இழுத்துக்கொண்டது. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வைக்கோலுக்குப் போய்விட்டது.

"ஆபீசரே நல்லா கீதுன்னு எழுதிக் குடுத்துட்டாருக்கா" என்றேன்.

"அவரு குடிச்சாரா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. வாளியை முருங்கை மரத்தடியில் கவிழ்க்கப் போனேன்.

"இங்க ஊத்தாத" என்றாள்.

வாளியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு நடந்தேன். யார் யாருடைய வாசலோ வந்தது, ஓடை வந்தது, ஏரிக்கரை வந்தது. எங்கேயும் ஊற்ற எனக்கு மனசு வரவில்லை.