வெள்ளை மணலில் எள்

முதலில் அதைப் பூச்சி என்றுதான் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கண்ணாடித் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு மணலைக் கிளறிக்கொண்டிருந்தேன். ரவை போல வெளுத்த அந்த மணலில் கறுப்பாக, பொடியாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏதோ கிடந்தது. வீட்டில் பவளம் வளர்ப்பவர்களுக்கு முன்பின் தெரியாத ஒரு கறுப்புப் புள்ளி போதும், தூக்கம் போய்விடும். பவளத்தைத் தின்னும் நத்தையின் முட்டையோ, வேறு என்ன கண்ணராவியோ என்று பதறி, ஒன்றை ஸ்பூனால் அள்ளி, மாமியார் பஞ்சாங்கம் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தேன். எள். எங்கள் சமையலறை டப்பாவில் இருக்கும் அதே கறுப்பு எள். உப்புத் தண்ணீருக்கடியில் எள்ளுக்கு என்ன வேலை?

தொட்டி என்னுடையது. மாட்டுங்காவில் எங்கள் பழைய கட்டடத்தை இடித்து, அதே இடத்தில் எழுப்பிய உயரக் கட்டடத்தில் ஒன்பதாம் மாடிக்குக் குடிவந்தபோது, ஹாலில் ஒரு சுவர் காலியாக இருந்தது. ஆளுக்கொரு ஆசை இருக்கும்; எனக்குக் கடல். கல் பவளங்களை வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் விடாது. அதனால் மெல்லிய உடம்புள்ள பட்டன் பவளங்களையும் காளான் பவளங்களையும் வாங்கினேன். வாங்கிய புதிதில் பச்சையும் ஆரஞ்சும் ஊதாவுமாகக் கண்ணைப் பறித்தன. கூட இரண்டு கோமாளி மீன்கள், நீண்ட வெள்ளை மீசையோடு ஒரு சிவப்பு இறால். கடையில் கேட்டதையும் இணையத்தில் படித்ததையும் வைத்து நான் பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்று: தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். மீன் தின்று கழிப்பதும் தின்னாமல் விடுவதும் தண்ணீரில் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் சேரும். அதைச் சேரவே விடக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றேன். வாரந்தோறும் பாதித் தண்ணீரை மாற்றினேன். பாஸ்பேட்டை உறிஞ்சும் துகள்களைப் பையில் கட்டிப் போட்டேன். அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும் ஸ்கிம்மர் என்ற இயந்திரம் இரவு பகலாக ஓடியது. சோதனைக் குப்பியில் சொட்டு மருந்து விட்டால் தண்ணீர் இளஞ்சிவப்பாகக்கூட மாறக் கூடாது. மாறாமல் நின்ற நாளில், பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை போலக் குப்பியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கக் காட்டுவேன்.

பவளங்களோ நாளுக்கு நாள் வெளுத்தன. பச்சை, சாயம் போன துணியாயிற்று. பட்டன்கள் சுருங்கி, பாதி நாள் விரியவே இல்லை. நான் இன்னும் சுத்தம் போதவில்லை என்று நினைத்து இன்னும் தேய்த்தேன்.

அதே சமயத்தில் வீட்டில் இன்னொருவரும் வெளுத்துக்கொண்டிருந்தார். மாமியார் ஆயுளில் ஒருநாள்கூடக் காக்கைக்கு வைக்காமல் சாப்பிட்டவரில்லை. குக்கர் இறங்கியதும் ஒரு கவளம் சாதத்தில் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து, சனிக்கிழமையானால் எள்ளும் சேர்த்து, ஜன்னல் விளிம்பில் வைத்து, "கா, கா" என்று கூப்பிடுவார். பழைய கட்டடத்தில் முதல் மாடி. மாமரத்திலிருந்து காக்கை நேராக வந்துவிடும். அது கொத்தித் தின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மாமியார் தனக்குத் தட்டு போடுவார். என் மாமனார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். அவரை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். மாமியாரோ தினமும் பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். புது வீட்டில் புறாத் தொல்லை. சொசைட்டியில் நோட்டீஸ் ஒட்டினார்கள்: ஜன்னலில் தீனி வைக்கக் கூடாது. என் கணவரும் எல்லா ஜன்னலுக்கும் கபூதர் ஜாலி என்கிற புறா வலையை அடித்துவிட்டார். புறா வராத வலையில் காக்கை எப்படி வரும்? டெரஸுக்குப் பூட்டு. சாவி வாட்ச்மேனிடம், மாமியாருக்கோ முட்டி வலி. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை அவர். சாப்பாட்டை மட்டும் குறைத்துக்கொண்டார். "பசிக்கலைடி. கார்த்தால குடிச்ச காபியே நெஞ்சுல நிக்கறது" என்பார். இன்னொரு நாள் ஏகாதசி என்பார். "வாரா வாரம் ஏகாதசி எந்தப் பஞ்சாங்கத்துலம்மா வரது?" என்று இவர் கேலி செய்வார். எனக்குச் சிரிப்பு வராது. வளையல்கள் அவர் முழங்கை வரை ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் அழைத்துப் போனோம். எல்லாம் நார்மல் என்று சொல்லி ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார்.

பிறகு ஏதோ மாறியது. நான் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால் சாதப் பாத்திரம் காலியாக இருக்கும். "இன்னிக்கு மொளகூட்டல் நன்னா அமைஞ்சுது, ரெண்டு தரம் போட்டுண்டேன்" என்பார். டானிக்கை வாழ்த்தினேன். அப்பாடா என்றிருந்தது. அந்தக் கொஞ்ச காலத்திலேயே பவளங்களும் நிறம் கண்டன. பச்சை திரும்பியது. ஆரஞ்சுப் பட்டன்களின் நடுவில் நான் அதுவரை பார்த்திராத ஒரு நீலப் பொட்டு தெரிந்தது. காளான்கள் உப்பி, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இடம் பிடித்தன. தொட்டியைப் பார்த்துப்போக வந்த கடைக்காரர் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். தாராவியில் இருப்பவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"ஏ யப்பா, என்ன மேடம் இது! தண்ணில என்ன போடுதிய? அந்த மசாலாவ நமக்கும் சொல்லுங்க."

"ஒண்ணும் போடலை பாய். புது லைட் வாங்கினேன் இல்லையா, அதான்" என்றேன், வாயெல்லாம் பல்லாக. உள்ளே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் தலையை நிமிர்த்தவே இல்லை.

எனக்குப் புரியாதவை இரண்டு மூன்று இருந்தன. ஸ்கிம்மர் தினமும் மத்தியானத்தில் நுரைப்பதை நிறுத்திவிட்டு, சாயங்காலம் மெல்ல உயிர் பெறும். கம்பெனிக்காரனைத் திட்டித் தீர்த்தேன். தண்ணீரின் மேல் மெல்லிய பளபளப்பு படிந்திருக்கும். சோதனைக் குப்பி இளஞ்சிவப்பாக மாறத் தொடங்கியது. மகாளயபட்சம் வந்தபோது நல்ல சிவப்பாகி, கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி படர்ந்து, பவளங்கள் பழுப்படித்தன. பட்சம் முடிந்ததும் தானாகத் தணிந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்த்த நாள்களில், நான் மூடிய அறைக்குள் மீட்டிங்கில் இருக்கும்போது, ஹாலிலிருந்து "கா, கா" என்று மெல்லிய குரல் கேட்கும். பாவம், பழக்கம் விடவில்லை என்று நினைத்துக்கொள்வேன். இத்தனையும் கண்முன்னே இருந்தும் முடிச்சுப் போடத் தெரியாத மண்டை எனக்கு.

எள்ளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். முந்தின நாள் சனிக்கிழமை. கோபம் மூக்கின் நுனியில் நின்றது. நெய்! உப்புத் தண்ணீரில், என் பவளங்களின் தலைமேல், தினமும் நெய்! துளி கொழுப்புப் பட்டாலும் ஸ்கிம்மரின் நுரை படுத்துவிடும் என்று அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. "அம்மா, இது என்ன?" என்று கையை நீட்டினேன். அவர் பார்த்தார். மறைக்கவில்லை.

"காக்கா எங்கேடி வரும் இந்த ஜாலிக்குள்ள? குக்கரைத் தொறந்துட்டு யாரைக் கூப்பிடறதுன்னு நிப்பேன். ஒரு நாள் உன் தொட்டிக்கிட்ட நின்னு, ரெண்டு பருக்கையைப் போட்டேன். அந்த மீசைக்காரன் வந்தான். ரெண்டு கையாலயும் வாங்கிண்டு போனான். அப்பறம் கூப்பிட்டாலே வந்துடறான்." கொஞ்சம் நிறுத்தி, "அதுவும் ஒரு உசிருதானே. அவர் யார் மூலமா வாங்கிண்டா என்ன? அன்னிக்குத்தான்டி எனக்கு வயத்துல சாதம் எறங்கித்து" என்றார்.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். இருந்தாலும் நான் விடுகிறவளா? "சாதம் சரி. நெய் மட்டும் வேண்டாமே" என்றேன்.

"நெய் இல்லாமயா? நன்னாருக்கே! அவருக்கு நெய் இல்லாம ஒரு வாய் எறங்காது."

அன்றிரவு நெடுநேரம் படித்தேன். பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அது வெளிச்சத்தில் ஆக்கிக் கொடுப்பதுதான் பவளத்துக்குப் பெருவாரியான சாப்பாடு. அந்தப் பாசிக்கு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கொஞ்சமாவது வேண்டும். அறவே இல்லையென்றால் பவளம் வெளுக்கும். அளவு மீறினால் பாசி பெருத்துப் பவளம் பழுப்படிக்கும். ஆக, நான் பட்டினி போட்ட ஜீவன்களுக்கு அவர் சோறு போட்டிருக்கிறார். அவருக்கு நைட்ரேட்டும் தெரியாது, பாஸ்பேட்டும் தெரியாது. யாராவது சாப்பிட்ட பிறகு தான் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

அதன்பின் எங்களுக்குள் ஓர் உடன்படிக்கை. கவளம் நான்கைந்து பருக்கையாகச் சுருங்கியது. நெய் விரல் நுனியில் தொட்டு வைக்கிற அளவு. பருக்கையை இறாலின் கைக்கே கொடுக்க ஒரு நீண்ட இடுக்கி வாங்கித் தந்தேன். மீன் தீனியைக் குறைத்தேன், பாஸ்பேட் உறிஞ்சும் பையை எடுத்துவிட்டேன், பூஜ்யத்தைத் தேடுவதையும் விட்டேன். பித்ருக்களுக்கான அமாவாசையில் பருக்கை கூடும்; மறுநாள் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் மாற்றினேன். மகாளயபட்சம் வருவதற்குள் உப்பு மூட்டை வாங்கி வைத்தேன். அவருடைய பஞ்சாங்கம் என் தொட்டிக்கும் பஞ்சாங்கமாயிற்று. குப்பி எப்போதும் மிக மெல்லிய இளஞ்சிவப்பில் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவேன். "என்ன, திருப்தியாச் சாப்பிட்டாரா?" என்று கேட்பார்.

சென்ற மழைக்காலத்தில் மாமியார் போய்விட்டார். படுக்கையில் விழவில்லை, காபி தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த நாள்களில் தொட்டியை யார் நினைத்தார்கள்? காரியங்கள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பி, வீடு ஓய்ந்த பிறகுதான் பார்த்தேன். பட்டன்கள் மூடியிருந்தன. பச்சை மறுபடி சாயம் போயிருந்தது. குப்பியில் சொட்டு விட்டேன்; தண்ணீர் தண்ணீராகவே நின்றது. ஒரு காலத்தில் நான் தவம் கிடந்த பூஜ்யம் கேட்காமலே வந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது, அழுதேன்.

அது ஒரு சனிக்கிழமை. இவர் வாட்ச்மேனிடம் சாவி வாங்கிக்கொண்டு, இலைத்துண்டில் எள்ளுச் சாதத்தோடு டெரஸுக்குப் போனார். நெடுநேரம் வரவில்லை. வந்தபோது இலை அப்படியே கையில் இருந்தது, சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. "பக்கத்து பில்டிங் டாங்க் மேல உக்காந்து பாத்துண்டே இருந்துது. வரலை. எத்தனை கூப்பிட்டும் வரலை. அம்மாவுக்கு என்மேல என்ன குறையோ. ஜாலி அடிச்சது நான்தானே" என்றார். ஆபீஸில் அத்தனை பேரை மேய்க்கிற மனுஷர், இலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

இலையை அவர் கையிலிருந்து வாங்கினேன். "அம்மாவுக்குத்தான் முட்டி வலியாச்சே. டெரஸ் வரைக்கும் எப்படி ஏறுவா?" என்றேன்.

அவரைத் தொட்டிக்கு அழைத்து வந்து, இடுக்கியில் ஒரு பருக்கையை எடுத்துக் கொடுத்தேன். கூச்சத்தோடு, பாதிக் குரலில், "கா, கா" என்றார் அவர். பாறையின் நிழலிலிருந்து முதலில் வெள்ளை மீசை வந்தது, பின்னால் சிவப்பு உடம்பு. ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போயிற்று. இவர் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஒட்டியிருந்த எள் ஒன்று நழுவி, மெல்ல இறங்கி, வெள்ளை மணலில் உட்கார்ந்தது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் மணலைக் கிளறுகிறேன். எள்ளை மட்டும் எடுப்பதில்லை. பச்சை திரும்பிவிட்டது, நீலப் பொட்டும் வந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை நெய் கொஞ்சம் தாராளமாகவே விட்டிருந்தேன். ஸ்கிம்மர் மறுநாள் வரை நுரைக்கவில்லை.