தலைமாட்டில் ஒரு ஆள்

ஜிம்மில், உட்கார்ந்தபடி நெஞ்சுக்கு எதிரே தள்ளும் செஸ்ட் பிரஸ் மெஷினில் இருக்கிற பிளேட்டுகளை எல்லாம் ஒரே மூச்சில் தள்ளி முடித்த சாயங்காலம்தான் அந்த யோசனை வந்தது. யாராவது பார்த்திருப்பார்கள் என்று திரும்பினேன். யாரும் பார்க்கவில்லை. சரி, இதே பலம் இரண்டு முனையிலும் பிளேட் மாட்டித் தூக்குகிற ராடிலும் இருக்குமா என்று பக்கத்துப் பெஞ்சில் போய்ப் படுத்தேன். மெஷினில் தள்ளியதில் பாதி எடையைத்தான் மாட்டினேன். நெஞ்சுக்கு மேலே ராடு தள்ளாடியது. இடது முனை ஒரு பக்கம், வலது முனை ஒரு பக்கம். அப்படியானால் இத்தனை மாதமும் நான் தள்ளியது என்ன? வழியை மெஷின் போட்டுக் கொடுத்தது, நான் வெறுமனே அழுத்தினேன், அவ்வளவுதானா? இரண்டையும் முறையாக ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

இப்படி எதையாவது பிடித்துக்கொண்டால்தான் எனக்கு நாள் நகரும். தென்காசிப் பக்கமிருந்து மலையாளக் கரைக்கு வந்து மட்டாஞ்சேரியில் ஒரு மசாலா ஏற்றுமதிக் கம்பெனியின் லேபில் வேலை பார்க்கிறேன். மிளகிலும் சுக்கிலும் ஈரம் எவ்வளவு என்று சோதிப்பது. கண்ணாடி அறைக்குள் நான் ஒருவன்தான். வெளியே மூட்டை அடுக்குகிறவர்கள் பேசிச் சிரிப்பது வாயசைவாக மட்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வைட்டிலா போவேன், அங்கிருந்து மெட்ரோவில் இடப்பள்ளி. மாலில் எஸ்கலேட்டரில் ஏறி இறங்கிவிட்டு வந்த வழியே திரும்புவேன். டிக்கெட் கேட்பதற்கு மட்டும் வாய் திறந்த ஞாயிறுகள் உண்டு.

ஜிம் ஒரு பழைய கோடவுனின் மாடியில் இருக்கிறது. வியர்வையோடு சுக்கு வாசனையும் அடிக்கும். அதைப் பார்த்துக்கொள்பவன் என் வயதுக்காரன், வீட்டில் தமிழ் பேசும் இந்த ஊர் முஸ்லிம் குடும்பம். முதல் நாள் அவனை ‘பாய்’ என்று கூப்பிட்டுவிட்டேன்.

“பாய்னு விளிக்காதீங்க அண்ணாச்சி. இங்க பாய்னா வடக்கேந்து வேலைக்கு வர்ற ஆளு. இக்கான்னு விளிங்க, அண்ணன்னு அர்த்தம்” என்றான். அன்றிலிருந்து நான் அண்ணாச்சி. அவனும் என் பெயரைக் கேட்கவில்லை, நானும் அவன் பெயரைக் கேட்கவில்லை.

ஒப்பீடு நன்றாகத்தான் தொடங்கியது. மெஷினில் இருக்கையின் உயரத்தைச் சரிசெய்து, பிடி நடு நெஞ்சுக்கு நேராக வந்தால் போதும். கை ஓயும்வரை தள்ளலாம். முடியவில்லையா, விட்டுவிடலாம். பிளேட்டுகள் டணார் என்று இறங்கும், அவ்வளவுதான். அடுத்து, கைக்கொன்றாகத் தூக்குகிற தம்பிள்ஸ். என் இடது கை எப்பேர்ப்பட்ட சோம்பேறி என்பது அப்போதுதான் தெரிந்தது. மெஷினில் அதன் பங்கையும் சேர்த்து வலது கைதான் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. தம்பிள்ஸையும் முடியாதபோது இரண்டு பக்கமும் ரப்பர் விரிப்பில் போட்டுவிடலாம். ராடு அப்படியில்லை. கை ஓய்ந்தால் அது இறங்குகிற இடம் நெஞ்சு. அதனால் தலைமாட்டில் ஒரு ஆள் நிற்க வேண்டும்.

அங்கே வருகிறவர்கள் எல்லாம் சோடி சோடியாக வருகிறவர்கள். ஒருவன் படுத்தால் இன்னொருவன் போனை வைத்துவிட்டுத் தலைமாட்டுக்கு வந்துவிடுவான். எனக்கு யாரையும் கேட்க வாய் வரவில்லை. கேட்டு, ‘இப்ப வர்றேன்’ என்று சொல்லி வராமல் போனால் என்ன செய்வது? ராடில் கனமாக எதையும் தூக்காமலே வாரங்கள் போயின. மெஷினில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஜிம்மைப் பார்த்துக்கொள்கிறவன் சீண்டுவான்: “அண்ணாச்சிக்கு இதுதான் சுகம். உக்காந்துட்டே ஜோலி தீந்துரும்.”

போன வெள்ளிக்கிழமை ஒரு வழி கண்டுபிடித்தேன். ஜும்ஆ தொழுகை நேரத்தில் எங்கள் கம்பெனி கோடவுனை அடைத்துவிடுவார்கள், ஜிம்மிலும் ஆள் இருக்காது. சாவி வாசல் ஆணியில் தொங்கும், நாமே திறந்துகொள்ளலாம். நான் திணறினாலும் சிரிக்க ஆளிருக்காது என்று கணக்குப் போட்டேன். பிடிக்கவும் ஆளிருக்காது என்பது என் படித்த மண்டையில் ஏறவில்லை.

பிளேட்டுகள் நழுவாதபடி இரண்டு முனையிலும் கிளிப்பை இறுக்கினேன். முதலில் அழகாக ஏறியது. ராடு ஆடவே இல்லை! அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு முறை தூக்கினேன். பாதியில் நின்றது. பிறகு மெல்ல இறங்கி நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. கிளிப் போடாமல் இருந்திருந்தால் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிளேட்டுகளைக் கீழே கொட்டியிருக்கலாம். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். கீழே ஆட்டோக்கள் போகிற சத்தம். யாரைக் கூப்பிடுவது? பெயர் சொல்லிக் கூப்பிட இந்த ஊரில் எனக்கு ஒருவர்கூட இல்லை. நெஞ்சில் இருந்த கனத்தைவிட அதுதான் மூச்சை அடைத்தது. கடைசியில் பல்லைக் கடித்து ராடை வயிற்றின் மேலாக உருட்டி, இடுப்பு வரை இறக்கி, எழுந்து உட்கார்ந்தேன்.

அது மடியில் கிடக்கும்போதே அவன் தொழுகை முடிந்து மேலேறி வந்தான். என் பனியனில் நெஞ்சிலிருந்து இடுப்பு வரை துருக்கறை.

“எந்தா அண்ணாச்சி, ரோட் ரோலர் கேறிப் போச்சா?”

“ராடு.”

“ஒத்தைக்கா? வெள்ளியாழ்ச்ச இந்த நேரம் இங்க ஈ காக்கா இருக்காதே, தெரியாதா?”

“தெரிஞ்சுதான் வந்தேன்.”

அவன் சிரிக்கவில்லை. ராடின் ஒரு முனையைப் பிடித்து, “அந்தத் தலையைப் பிடிங்க” என்றான். இரண்டு பேருமாக ஸ்டாண்டில் ஏற்றி வைத்தோம்.

“சாயங்காலம் முழுக்க இங்க நிக்கிறோமே, நாங்க என்ன சுவரா? ஒரு வார்த்த கேட்டா ஆரு வர மாட்டா?”

“கேக்கத் தோணல.”

“தோணலயா, கூச்சமா?”

நான் பனியனில் இருந்த துருக்கறையைத் தேய்த்தேன்.

“கூச்சம்னா மெஷின்லயே இருந்துக்கோங்க. அதுக்கு ஆரையும் விளிக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டு ஃபேனைப் போடப் போய்விட்டான்.

நெஞ்சு இன்னும் கன்றிக் கிடக்கிறது. மெஷினை நான் விடப்போவதில்லை. கை ஓய்ந்த பிறகும் பயமில்லாமல் தள்ள அதைவிட நல்லது இல்லை. இடது கைக்குத் தம்பிள்ஸ். ராடு மட்டும் பாக்கி. அதை நாளை சாயங்காலம், கூட்டம் நிறைந்திருக்கிற நேரத்தில் தூக்கிப் பார்க்கப் போகிறேன். எடை கொஞ்சம் குறைவாக. படுப்பதற்கு முன்னால் அவன் நிற்கிற பக்கம் நடந்துபோய், பெயரைக் கேட்டு, என் தலைமாட்டில் வந்து நிற்கச் சொல்ல வேண்டும். தமிழில் கேட்பதா மலையாளத்தில் கேட்பதா என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.