மாடி ஏறி வந்த ஸ்பூன் சத்தம்

என் தங்கை பல்லவி வென்றவை இவை. நான்கு வருட ரயில் பயணம். ஒரு வயது முடியும் முன் குழந்தையைப் படம் பிடித்தால் கண் பட்டுவிடும் என்ற ஊர்ப்பேச்சு. எங்கள் பாத்திரக் கடையின் மாடியறை, அதாவது தீபாவளிக் குக்கர்களுக்கென்று அப்பா ஒதுக்கி வைத்திருந்த இடம். படத்தின் மூலையில் தன் பெயர்.

கடைசி இரண்டும் ஒரே நாளில் கிடைத்தன. அந்த நாளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் ஃபெயிலானவன். எழுத்தில் எனக்கு உள்ள பழக்கமெல்லாம் பாத்திரத்தில் பேர் வெட்டுவதுதான். அதில் ஒரு புள்ளி தப்பினாலும் அழிக்க முடியாது. அதனால் இதையும் மெதுவாகவே எழுதுகிறேன்.

எங்கள் கடை ராபர்ட்சன்பேட்டை பஜாரில் இருக்கிறது. ஒரு காலத்தில் தங்கச் சுரங்க ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கு டிபன் கேரியர் விற்ற கடை, இப்போது பெங்களூர் ரயிலுக்கு ஓடுகிறவர்களுக்கு டிபன் பாக்ஸ் விற்கிறது. பல்லவி பி.காம். முடித்ததும் அதே ரயிலில் ஏறினாள். பெங்களூரில் ஒரு ஸ்டுடியோ. பிறந்த குழந்தைகளையும் புதிதாகப் பெற்றோரானவர்களையும் மட்டுமே படம் எடுக்கும் இடம். லைட் தூக்குவதில் தொடங்கி, கேமரா அவள் கைக்கு வந்தது. குழந்தையைத் தொடும் முன் கையைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். பால் குடித்து ஏப்பம் விட்ட பிறகுதான் படுக்க வைக்க வேண்டும். புரண்டு விழாதபடி ஒருவர் கை எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லாம் அங்கே கற்றது. அவள் எடுத்த படங்களின் மூலையில் முதலாளியின் கையெழுத்து இருக்கும். "அங்க அதான் வழக்கம் அண்ணா" என்பாள்.

2024 ஆடி மாதம் அந்த வேலையை விட்டுவிட்டு வந்து, மாடியறையைக் கேட்டாள்.

"ஆடியில யாருனா கடை தொறப்பாங்களா?" என்றார் அப்பா பாண்டுரங்கன்.

"கடை இல்ல நைனா, கேமராதான்."

அப்பா யோசித்தார். "சரி, தீபாவளி லோடு வர்ற வரைக்கும் வெச்சுக்கோ. ஊரு உன்னத் தேடி வந்துச்சுன்னா பாப்போம். இல்லன்னா குக்கரு மாடி ஏறும், நீ ரயில் ஏறு."

அன்றிலிருந்து அந்த ஒரு கேள்விதான் வீட்டில். அறை அவளுக்கா, குக்கருக்கா?

முதலில் வந்தவர்களெல்லாம் எல்.கே.ஜி. அட்மிஷனுக்குப் பாஸ்போர்ட் சைஸ் கேட்டு வந்தவர்கள். ஆவணி பிறந்த பிறகுதான் கைக்குழந்தைகள் வந்தன. கன்னத்தில் பெரிய மைப்பொட்டு வைத்து, அது போதாதென்று உள்ளங்காலிலும் ஒன்று வைத்துக் கொண்டுவருவார்கள். பல்லவி எந்தப் பொட்டையும் அழிக்கவில்லை, கம்ப்யூட்டரிலும் அழிக்கவில்லை. அதனாலேயே அம்மாக்களுக்கு அவள்மேல் நம்பிக்கை வந்தது. "படத்துல உன் பேரப் போடு" என்று ஒருநாள் சொன்னேன்.

"ரூமே என்னுது இல்ல, பேரு எப்பிடிப் போடறது? தீபாவளி தாண்டட்டும்" என்றாள்.

குடும்பமாக வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள். மற்ற நாட்களில் இந்த ஊரில் அப்பாக்கள் கிடைக்க மாட்டார்கள். விடியும் முன் ரயில் ஏறி, விளக்கு வைத்த பின் இறங்குகிறவர்கள். பல்லவி போனிலேயே சொல்லிவிடுவாள்: அப்பா மழமழவென்று ஷேவ் செய்திருக்க வேண்டும், குழந்தையின் கன்னத்தில் உரசக்கூடாது, எல்லோரும் ஒரே நிறத்தில், கோடு கட்டம் இல்லாத புதுத்துணி. பெங்களூர் ஸ்டுடியோவின் முறை அப்படியே. அம்மாவும் குழந்தையும் இருக்கும் படங்கள் அழகாக வந்தன. அப்பாவின் கையில் கொடுத்தால் குழந்தை வீறிடும். கடைசியில் அவரைப் பின்னால் நிற்க வைத்து எடுப்பாள். அப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு எதிர்க்கடை வேலு, "பின்னால நிக்கறது யாரு, வாட்ச்மேனா?" என்று கேட்டான். அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு வரவேயில்லை.

ஆயுத பூஜை முடிந்ததும் லோடு வந்து இறங்கியது. அப்பா இரண்டு குக்கர் பெட்டிகளை மாடிப்படியில் வைத்தார். பல்லவி அவற்றைத் தாண்டித் தாண்டி மேலே போனாள்.

அந்த ஞாயிறு வந்தவர்கள் விநாயக்கும் ஸ்வாதியும். நந்திதுர்க் பக்கம் வீடு. விநாயக் பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். குழந்தை தான்விக்குப் பதினோரு மாதம். முதல் பிறந்தநாள் பேனரில் போட மூன்று பேரும் இருக்கும் படம் வேண்டும். விநாயக் புது நீலச் சட்டை போட்டு, தாடியோடு மீசையையும் எடுத்துவிட்டு வந்திருந்தான்.

தூக்கினான். தான்வி அவன் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். உதடு பிதுங்கியது. பிறகு வந்த அழுகையில், கீழே கடையில் நின்றவர்கள்கூட மாடியை அண்ணாந்து பார்த்தார்கள்.

"அப்பாதான்டி அது! பூச்சாண்டி இல்ல" என்றாள் ஸ்வாதி. "அவள இன்னா சொல்றது? மீசை இல்லாம எனக்கே யாருன்னு தெர்ல."

விநாயக்கும் முதலில் சிரித்தான். மறுபடி தூக்கினான், பாடினான், சாவியை ஆட்டினான். தான்வி அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"உடுங்க மேடம்" என்றான். சிரிப்பு போயிருந்தது. "அம்மாவும் பாப்பாவும் மட்டும் எடுங்க. ஞாயித்துக்கெழம வர்ற விருந்தாளிய பேனர்ல போட்டு இன்னா பண்றது?"

"இன்னா பேச்சுங்க இது?" என்றாள் ஸ்வாதி. ஆனால் அவளுக்கும் முகம் வாடிவிட்டது. இன்னொரு நாள் வருகிறோம் என்று இறங்கிப் போனார்கள். படியிலிருந்த குக்கர் பெட்டியில் விநாயக் முட்டியை இடித்துக்கொண்டான்.

சாயந்திரம் அப்பா சொன்னார்: "கொழந்தய அழ வெக்கறதுக்கு மாடி எதுக்கும்மா? கீழயே நான் வெப்பேனே."

"தீபாவளிக்கு இன்னும் நாள் கீது நைனா."

"குக்கருக்கு இல்லியே!"

பல்லவி சாப்பிடும்போதெல்லாம் அந்தப் பேச்சுதான். "வீட்லயும் அப்பிடித்தான் அழுவுமா? அப்பிடின்னா அந்த மனுஷன் தெனம் எப்பிடி வீட்டுக்குள்ள வர்றாரு?" புதன்கிழமை சாயந்திரம் கேமரா இல்லாமல் நந்திதுர்க்குக் கிளம்பினாள். நானும் வண்டியில் கூடப் போனேன்.

ஸ்வாதி காப்பி கொடுத்தாள். தான்வி தரையில் உட்கார்ந்து ஒரு தட்டுமூடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். ரயில் வந்திருக்க வேண்டும். சந்தில் ஆட்கள் வரும் பேச்சு கேட்டது. அதற்கு நடுவே ஒரு சத்தம்: காலி டிபன் பாக்ஸுக்குள் ஸ்பூன் உருளும் சத்தம், நடைக்கு நடை.

எனக்கு அது வெறும் சத்தம். நாள் முழுவதும் எவர்சில்வருக்கு நடுவே இருக்கிறவன். தான்வி மூடியைக் கீழே போட்டாள். வாசலைப் பார்த்துத் திரும்பினாள். சத்தம் நெருங்க நெருங்க, "ப்பா, ப்பா" என்று தவழ ஆரம்பித்தாள். விநாயக் உள்ளே வந்தான். கசங்கிய யூனிஃபார்ம், கழுத்தில் கம்பெனி கார்டு, தோளில் பை. மீசை இன்னும் முளைக்கவில்லை. அவள் அதைப் பார்க்கவேயில்லை. அவன் காலைப் பிடித்து எழுந்து நின்றாள். அவன் பையைத் திறந்து ஸ்பூனை எடுத்துக் கையில் கொடுத்தான். கொடுத்த பிறகுதான் எங்களைப் பார்த்தான்.

"தெனம் இதேதான் மேடம்" என்றாள் ஸ்வாதி. "ஸ்பூன் குடுக்காம வீட்டுக்குள்ள உடமாட்டா."

பல்லவி சிரிக்க ஆரம்பித்தாள். "சார், நீங்க விருந்தாளி இல்ல. நான்தான் உங்களுக்கு ஷேவ் பண்ணி, சட்டை மாத்தி, வேற ஆள் ஆக்கிட்டேன். ஞாயித்துக்கெழம இதே மாதிரி வாங்க. இந்தச் சட்டையத் தோய்க்காதீங்க."

"ஐயோ, அந்த நாத்தம் ஃபோட்டோவுல தெரியாதா?" என்றாள் ஸ்வாதி.

"அதுதான் அவளுக்கு அடையாளம்."

ஞாயிற்றுக்கிழமை ஸ்வாதியும் குழந்தையும் முன்னாலேயே மாடிக்குப் போனார்கள். பல்லவி விளக்குகளை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில், தரையில் கேமராவோடு படுத்துக்கொண்டாள். விநாயக் கீழே கடை வாசலில் யூனிஃபார்மில் பையோடு நின்றான். "லீவு நாள்ல எந்த ரயிலுப்பா?" என்று வேலு கத்தினான். மேலிருந்து பல்லவி, "வாங்க சார்" என்றாள்.

ஏறினான். பெட்டிகள் இருந்ததால் பக்கவாட்டில் திரும்பித் திரும்பி ஏற வேண்டியிருந்தது. அதனால் ஸ்பூன் இன்னும் பலமாக உருண்டது. அப்பா கல்லாவில் தலை தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்பூன் சத்தம் மாடி வாசலை எட்டியது. பிறகு "ப்பா!" என்று ஒரு கத்தல். அதற்குப் பிறகு சிரிப்பு, மூன்று பேர் சிரிப்பு.

அந்தப் படத்தில் விநாயக் வாசலில் பாதி குனிந்திருக்கிறான். பை தோளிலிருந்து நழுவுகிறது. தான்வி ஒரு கையில் கார்டுக் கயிற்றைப் பிடித்திருக்கிறாள், இன்னொரு கை பைக்குள். ஸ்வாதி பின்னாலிருந்து குழந்தையின் இடுப்பைப் பிடித்தபடி, கேமராவை மறந்து, புருஷனைப் பார்க்கிறாள். அவன் மேல் உதட்டில் ஒரு வாரத்து மீசை.

இப்போது பல்லவி போனில் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: "தெனம் வீட்டுக்கு எப்பிடி வருவீங்களோ அப்பிடியே வாங்க." ஃபேக்டரி ஹெல்மெட்டோடு ஒருவர் வந்தார். பேத்தமங்களாவிலிருந்து காலில் சேற்றோடு ஒருவர் வந்தார், என் மாடிப்படியைக் கழுவ வேண்டியிருந்தது. நைட் ட்யூட்டி முடிந்து நேராக வந்த நர்ஸ் அம்மா ஒருத்தி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே தூங்கிவிட்டாள். அந்தப் படம்தான் இன்று மாடியறைச் சுவரில் இருக்கிறது.

அன்றைக்கு நடந்ததை முடித்துவிடுகிறேன். பல்லவி படத்தைப் பிரிண்ட் எடுத்து, காயும்வரை கல்லாவின் மேல் வைத்தாள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய் மாடிப்படியிலிருந்த பெட்டிகளைத் தானே இறக்கினார்.

"இன்னா நைனா?" என்றேன்.

"படியில வெச்சா வர்றவங்க இடிச்சுக்கறாங்க. உன் சீட்டுக்குப் பின்னால அடுக்கு."

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

"கொஞ்சம் மெலிஞ்சுக்கோ."

அன்று சாயந்திரமே படத்தை வாங்க வந்த ஸ்வாதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பேரு எங்க மேடம்? பேனரப் பாத்தா பத்து பேரு கேப்பாங்க, யாரு எடுத்ததுன்னு."

பல்லவி காலியான மாடிப்படியைப் பார்த்தாள். என் மேசையிலிருந்து பேனாவை எடுத்தாள். காகிதம் சுருளாதபடி நான் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டேன். "எங்க போடட்டும் அண்ணா?" என்றாள்.

"எடம் உன்னுது. எங்கனா போடு."

வலது மூலையில், தமிழில், முழுப்பெயராக எழுதினாள்: பல்லவி பாண்டுரங்கன். கீழே தேதி போட்டாள். 20.10.2024, ஞாயிற்றுக்கிழமை.